இரண்டு பின்கோடுகளும் ஒரு பதினேழும்

திருமணமாகித் தருமபுரிக்கு வந்த பிறகு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு ஓர் அஞ்சலட்டை வீதம், கிருஷ்ணகிரியில் இருந்த அப்பாவுக்கு எழுதிவந்தேன். முகவரிக்குக் கீழே உள்ள ஆறு கட்டங்களில் 635001 என்று நிரப்புவேன். அவருடைய பதில் 636701 என்ற எண்ணைத் தாங்கி வரும். அப்பா மாம்பழ மண்டியில் கணக்கு எழுதியவர் என்பதால், அவர் கையெழுத்தில் சொற்களைவிட இலக்கங்கள் தெளிவாக இருக்கும். பேரேட்டில் ஒவ்வொரு கூட்டலையும் ஒன்பது தள்ளி, அதாவது இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளை நீக்கிய மீதியை ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் இரட்டைக் கோடு போடுவார். அந்த இரண்டு எண்களையும் இத்தனை ஆண்டுகள் எழுதியும் படித்தும் வந்த நான், கணிதம் படித்து, கணிதமே கற்பித்து வாழ்பவளாக இருந்தும், அவற்றை எண்களாக ஒருமுறையும் பார்த்ததில்லை என்பதைச் சென்ற ஆண்டு ஒரு மாணவிதான் எனக்கு உணர்த்தினாள்.

பத்தாம் வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம், வரிசையை மாற்றுவது தவிர அப்படி எழுத வேறு வழி கிடையாது என்று சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மிஸ், நம்ம தர்மபுரி பின்கோடு பகா எண்ணா?" என்று கேட்டாள். பாடநூலில் இருக்கும் எண்கள் எல்லாம் சொன்னபடி உடைவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை; இந்த எண்ணை அப்படி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு முழு எண்ணின் இயல்பை அறிய இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. மணி அடித்துவிட்டதால், மறுநாள் சேர்ந்தே பார்ப்போம் என்று சொல்லி வந்தேன்.

அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவுகள் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. சேலத்தின் எண் 636001 ஆகையால் நம் எண்ணின் முன்பாதியான 636 சேலத்துக்கும் உரியது. 1965 அக்டோபர் 2 அன்றே தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தும், பின்னர் வந்த இந்த 636 இரண்டுக்கும் பொதுவாகவே அமைந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது என்றாலும், அதன் அஞ்சல் எண் அதற்கு வெகு முன்பே 635 என்று வேறாகத்தான் தொடங்கிற்று. எண்ணைக் கொடுத்தவர்கள் கடிதம் சரியான பையில் விழவேண்டும் என்று மட்டுமே எண்ணினார்கள். அது எதனால் வகுபடும் என்று அவர்கள் பார்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

மறுநாள் வகுப்பில் முதலில் அப்பாவின் முறையைப் பயன்படுத்தினோம். 636701-இன் இலக்கங்களைக் கூட்டினால் 23 வருகிறது. ஒன்பது தள்ளினால் மீதி 5. ஆகவே அது ஒன்பதின் மடங்கும் அன்று, மூன்றின் மடங்கும் அன்று. ஒற்றைப்படை எண் என்பதால் 2 இல்லை. 1-இல் முடிவதால் 5 இல்லை. அடுத்து 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கும் ஒரு வழி உண்டு. அந்த மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். 636701 என்பது 636 ஆயிரங்களும் 701-உம் சேர்ந்தது. ஒவ்வோர் ஆயிரத்தையும் 1001-லிருந்து ஒன்று குறைந்ததாகக் கருதினால், 636 முழு 1001-களை எடுத்த பின் எஞ்சுவது 701-லிருந்து 636-ஐக் கழித்த 65 மட்டுமே. எனவே பின்கோட்டை அஞ்சல் துறை பிரிப்பது போலவே மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒரு பாதியிலிருந்து மறுபாதியைக் கழித்தால் போதும். 65 என்பது 5-ஐ 13-ஆல் பெருக்கியது. ஆகவே 636701-ஐ 13 வகுக்கும், 7-உம் 11-உம் வகுக்கா. கேள்வி கேட்ட பெண்ணுக்கு விடை கிடைத்துவிட்டது. நம் பின்கோடு பகா எண் அன்று.

ஆனால் அதோடு நிறுத்த வகுப்பில் யாருக்கும் மனம் வரவில்லை. 13-ஆல் வகுத்தால் 48977. அதை 17-ஆல் வகுத்தால் 2881. இங்கே சற்று நேரம் பிடித்தது. 2881-இன் வர்க்கமூலம் 53-க்குச் சற்று மேலே இருப்பதால், 53 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும் என்று சொன்னேன். 19, 23, 29, 31, 37, 41 என்று ஒவ்வொன்றாக மீதி விட்டுக்கொண்டே போனபோது, மீதமிருந்தவை மூன்றே மூன்று. 43 மீதியின்றி வகுத்தது, ஈவு 67. ஆக 636701 = 13 × 17 × 43 × 67. கரும்பலகையில் அந்த வரியை எழுதியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை.

இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டால், எண்ணியல் காலங்காலமாக எண்களைப் பிரித்துவைத்திருக்கும் வகைகளில் நம் எண் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம். எந்தப் பகாக் காரணியும் இரண்டாம் முறை வராததால் இது வர்க்கக் காரணி அற்ற எண். ஒவ்வொரு பகாக் காரணியையும் சேர்ப்பது, விடுவது என இரண்டு வாய்ப்புகள் இருப்பதால், இதற்கு மொத்தம் 16 வகுஎண்கள் உள்ளன. அவற்றில் 636701-ஐத் தவிர மற்றவற்றைக் கூட்டினால் 1,17,283 வருகிறது. தன் வகுஎண்களின் கூடுதலுக்குச் சமமாக உள்ள 6, 28 போன்ற எண்களைப் பழைய கிரேக்கர்கள் நிறைவெண்கள் என்றார்கள். கூடுதல் எண்ணை விஞ்சினால் மிகுவெண், எட்டாவிட்டால் குறைவெண். நம்முடையது குறைவெண்தான், கூடுதல் எண்ணின் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. சிறிய பகா எண்களான 2, 3, 5 ஆகியவைதாம் வகுஎண்களின் கூடுதலைப் பெருக்கவல்லவை. அவற்றுள் ஒன்றும் இல்லாத எண் மிகுவெண்ணாவது மிகவும் அரிது. ஒற்றைப்படை எண்களில் முதல் மிகுவெண்ணே 945-இல்தான் வருகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் எண் என்றவுடனே பலர் இலக்கங்களைக் கூட்டி, அது ஐந்தாம் எண், ஆறாம் எண் என்று பலன் சொல்லத் தொடங்குகிறார்கள். வண்டிப் பதிவெண்ணுக்காகப் பணம் செலவழிப்பவர்களும் உண்டு. இலக்கங்களின் கூடுதல் என்பது நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் உண்டாவது. இதே எண்ணைக் கணினி எழுதுவது போல இரண்டின் அடிமானத்தில் எழுதினால், இருபது இலக்கங்களும் அவற்றில் பன்னிரண்டு ஒன்றுகளும் வரும். கூடுதல் 23 போய் 12 ஆகிவிடும். எண் மாறவில்லை, அதற்கு நாம் உடுத்திய உடைதான் மாறியது. ஆனால் எந்த அடிமானத்தில் எழுதினாலும், எந்த மொழியில் சொன்னாலும், கூழாங்கற்களாகத் தரையில் குவித்துவைத்தாலும், அதைப் பதின்மூன்று சமக் குவியல்களாகப் பிரிக்க முடியும் என்பது மாறாது. எழுத்து முறையைச் சார்ந்த இயல்பு எது, எண்ணையே சார்ந்த இயல்பு எது என்று பிரித்தறியும் பழக்கத்தை மட்டும் என் மாணவர்கள் எடுத்துச் சென்றால், மற்றவற்றை மறந்தாலும் நான் வருந்தமாட்டேன்.

காரணிகளைக் கண்டுபிடிக்கச் சிறிய பகா எண்களால் வகுத்துக்கொண்டே போவது ஒன்றுதான் வழி என்பதில்லை. பிரெஞ்சு நாட்டில் நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டே கணிதம் செய்த ஃபெர்மா, 1643-இல் வேறொரு வழியைச் சொன்னார். ஓர் ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், அந்த இரண்டு எண்களின் கூடுதலும் வித்தியாசமும் அதன் காரணிகளாகிவிடும். அவர் அந்த வழியில் 2,02,76,51,281 என்னும் எண்ணை 44,021 × 46,061 என்று உடைத்துக் காட்டினார். நம் எண்ணிடம் அந்த முறையைப் பயன்படுத்தியபோது நான் வியந்துபோனேன். 636701-இன் வர்க்கமூலம் 797-க்கும் 798-க்கும் இடையில் உள்ளது. 798²-லிருந்து நம் எண்ணைக் கழித்தால் 103, வர்க்கம் இல்லை. 799²-லிருந்து கழித்தால் 1700, இல்லை. 800²-லிருந்து 3299, இல்லை. 801²-லிருந்து கழித்தால் 4900. அது 70-இன் வர்க்கம்! நான்காம் அடியிலேயே 636701 = 801² − 70² என்று கிடைத்துவிட்டது; அதாவது 731 × 871. முன்னது 17 × 43, பின்னது 13 × 67. இந்தக் கணக்கில் நடுவே வந்த 1700 என்னும் எண்ணை நினைவில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது மீண்டும் வரும்.

வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்த எண்ணை வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பது அடுத்த கேள்வி. நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகும், மீதி 3 வருவது ஒருபோதும் ஆகாது என்று 1640-இல் ஃபெர்மா எழுதினார். அதற்கு ஆய்லர் பின்னாளில் நிரூபணம் தந்தார். நம் காரணிகளில் 13 என்பது 2² + 3², 17 என்பது 1² + 4². அவற்றின் பெருக்கலான 221-உம் அப்படியே, அதுவும் இரண்டு வழிகளில், 10² + 11² என்றும் 5² + 14² என்றும் எழுதப்படும். இப்படிப் பெருக்கல் வழியாக வர்க்கக் கூடுதல்கள் உருவாகும் முற்றொருமையைப் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே கையாண்டிருக்கிறார். ஆனால் 43-உம் 67-உம் நான்கால் வகுத்தால் மீதி 3 தருபவை; அவை ஒற்றையாக நிற்பதால், முழு எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது. 636701-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1 வருகிறது என்பதை மட்டும் பார்த்து, முடியும் என்று நம்பி ஓர் இரவு முழுதும் தேடிய மாணவன் ஒருவன் மறுநாள் சோர்ந்த முகத்தோடு வந்தான். மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும் என்று சொல்லி அனுப்பினேன். மாலையில் 797² + 36² + 14² என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

43, 67 ஆகிய இரண்டும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்ததுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. முழு எண்களின் உலகத்தோடு சுழியத்துக்குக் கீழான ஓர் எதிர்ம எண்ணின் வர்க்கமூலத்தையும் சேர்த்து அதை விரிவாக்கினால், பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வழி ஒன்றே ஒன்று என்று நாம் வகுப்பில் நம்பிக் கற்பிக்கும் அந்த ஒழுங்கு பெரும்பாலும் குலைந்துபோகிறது. எதிர்மக் குறியிட்டு வர்க்கமூலம் எடுத்துச் சேர்க்கும்போது அந்த ஒழுங்கு குலையாமல் நிற்பதற்கு இடம் தரும் எண்கள் ஒன்பதே ஒன்பது: 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163. இதற்கு மேல் வேறொன்று இல்லை என்று ஜெர்மன் கணித மேதை காஸ் 1801-இல் ஊகித்தார். பெர்லினில் தனியாக ஆய்வு செய்துவந்த கூர்ட் ஹேக்னர் 1952-இல் அதற்கு நிரூபணம் வெளியிட்டார். அதில் பிழை இருப்பதாகக் கருதி அறிஞர்கள் ஏற்கவில்லை. 1966, 1967 ஆண்டுகளில் கணித அறிஞர்களான பேக்கரும் ஸ்டார்க்கும் வெவ்வேறு வழிகளில் அதை நிறுவினார்கள். ஹேக்னரின் நிரூபணம் அடிப்படையில் சரியே என்றும் பின்னர் தெளிவாயிற்று. அவர் 1965-இலேயே இறந்துவிட்டார். இன்று அந்த ஒன்பது எண்களும் அவர் பெயரால் வழங்குகின்றன. எந்தப் பல்கலைக்கழகத்தின் துணையும் இல்லாமல் ஒருவர் செய்த சரியான வேலை பதினைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

இந்த எண்களின் வலிமையைப் பள்ளிக் கணக்காலேயே தொட்டுப் பார்க்கலாம். 17-இன் நான்கு மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 67. அந்த உறவின் பயனாக, ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டி அதனுடன் 17-ஐச் சேர்த்தால், 0 முதல் 15 வரை எந்த எண்ணை எடுத்தாலும் விடை பகா எண்ணாகவே வரும்: 17, 19, 23, 29, 37, 47, 59, 73 என்று அது 257 வரை அறுபடாமல் ஓடுகிறது; 16-ஐ இட்டதும் 289, அதாவது 17-இன் வர்க்கம் வந்து வரிசை முறிகிறது. 17-உம் 67-உம் ஆகிய அந்த இணை, நம் ஊரின் எண்ணுக்குள் ஒன்றாக இருக்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு. இயல் மடக்கையின் அடிமானமாகிய e என்னும் எண்ணை (ஏறத்தாழ 2.718) எடுத்து, பை என்னும் மாறிலியை 67-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணை அதன் அடுக்காக ஏற்றினால், கிடைப்பது முழு எண்ணாக இருக்க ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் அது 147197952743.9999986 என்று, ஒரு முழு எண்ணைத் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிறது. அந்த முழு எண் 5280-இன் கனத்தோடு 744-ஐக் கூட்டியது. 43-ஐ இட்டாலும் இதே போல 960-இன் கனத்தோடு 744-ஐக் கூட்டிய எண்ணுக்கு மிக அருகில் விடை வருகிறது.

கிருஷ்ணகிரியின் எண்ணுக்கு வருகிறேன். 635001-ஐ மூன்று மூன்றாகப் பிரித்துக் கழித்தால் 634. அது 2 × 317 என்பதால் 7, 11, 13 மூன்றும் வகுக்கா. இலக்கங்களின் கூடுதல் 15 என்பதால் 3 வகுக்கும், ஈவு 211667. அதை 17 வகுக்கும், ஈவு 12451. அது பகா எண். ஆக 635001 = 3 × 17 × 12451. இப்படி மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக அமைபவற்றை ஸ்பீனிக் எண்கள் என்பார்கள். ஆப்பு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஈரோட்டில் 1887-இல் பிறந்த ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து 1917-இல் எழுதிய கட்டுரை, ஓர் எண்ணுக்கு வழக்கமாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்பதைச் சொன்னது. எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்தால் வருவதே அந்த அளவு. ஆறு இலட்சத்தை ஒட்டிய எண்களுக்கு அது 2.6 அளவில் உள்ளது. கிருஷ்ணகிரி மூன்றோடு அந்த வழக்கத்தையொட்டி நடக்கிறது. தருமபுரி நான்கோடு சற்றே மிஞ்சுகிறது.

இரண்டு எண்களிலும் 17 வந்ததைக் கவனித்தபோது, காரணிகளைத் தேடாமலேயே இதைக் கண்டிருக்கலாமே என்று என்னை நானே கடிந்துகொண்டேன். யூக்ளிடின் வகுத்தல் முறை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதற்காகவே இருக்கிறது. 636701-லிருந்து 635001-ஐக் கழித்தால் எஞ்சுவது 1700. இரண்டுக்கும் பொதுவான எதுவும் இந்த 1700-ஐயும் வகுத்தாக வேண்டும். அது 4 × 25 × 17. இரண்டு எண்களும் ஒற்றைப்படை, இரண்டும் 1-இல் முடிபவை என்பதால் 2-உம் 5-உம் விலகிவிடுகின்றன. எஞ்சக்கூடியது 17 மட்டுமே. முறைப்படி வகுத்துப் பார்த்தாலும் 1700, 901, 799, 102, 85 என்று மீதிகள் இறங்கி வந்து 17-இல் நிற்கின்றன. மீப்பெரு பொதுக் காரணி 17. மீச்சிறு பொது மடங்கு 23,78,26,92,453. ஃபெர்மாவின் முறையில் 799²-லிருந்து நம் எண்ணைக் கழித்தபோதும் இதே 1700 வந்தது அல்லவா? அதன் பொருள், 635001-க்கும் 799-இன் வர்க்கத்துக்கும் மிகச்சரியாக நடுவில் 636701 இருக்கிறது என்பதே. 799 என்பது 17 × 47. ஆகவே அந்த மூன்று எண்களும் 17-இன் மடங்குகள்.

விருப்பம்போல் எடுத்த இரண்டு எண்களில் நூற்றுக்கு அறுபது இணைகளுக்கு மேல் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணியே இருக்காது. இரண்டுமே 17-இன் மடங்குகளாக அமைவது 289-இல் ஒரு வாய்ப்பு. இது தற்செயல்தான்; யாரும் திட்டமிட்டதன்று, இதிலிருந்து எந்தப் பலனும் சொல்ல முடியாது. ஆயினும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் நான் எழுதிய எண்களுக்குள் அது இருந்தது உண்மை.

அன்றிரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பதினேழு சரி கண்ணு. அந்த பன்னெண்டாயிரத்துச் சொச்சம் இருக்கே, அது உடையாதுன்னு நீ போட்டுப் பார்த்தியா, இல்ல கம்ப்யூட்டர் சொன்னதா?" என்று கேட்டார். கணினிதான் சொன்னது என்று ஒப்புக்கொண்டேன். 12451-இன் வர்க்கமூலம் 111-ஐத் தாண்டி, 112-க்குக் கீழே இருப்பதால், 109 வரை உள்ள 29 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, நெடுநாளைக்குப் பிறகு, அவரிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே பழைய பேரேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். இடப்பக்கம் பகா எண்கள், வலப்பக்கம் மீதிகள், நடுவே சிவப்பு மையில் ஒரு கோடு. 59-க்கு எதிரே மீதி 2. 83-க்கு எதிரே மீதி 1. அந்த இடத்தில் தாள் தேய்ந்திருந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசி வரியில் 109-க்கு எதிரே மீதி 25 என்று எழுதி, அதற்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார்.